மூண்டு டொலர் இராசரத்தினம்

ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கத்தில் இராசரத்தினம் என்று விசாரித்தால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். மூண்டு டொலர் இராசரத்தினம் என்று விசாரித்தால் ஒரே ஒரு வீட்டைத்தான் காட்டுவார்கள். பட்டம் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரே டெலிபோனை எடுத்து, "ஓம், மூண்டு டொலர்தான் கதைக்கிறன்" என்று சொல்லத் தொடங்கியதும் கேலி செத்துப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போது அவரும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமும் போய்விட்டது. மகள் சாம்பவி சனிக்கிழமைகளில் விட்பியிலிருந்து தாயைப் பார்க்க வருகிறாள். இந்தச் சனிக்கிழமை அப்பாவின் சிநேகிதர் கிளிபோட் அங்கிளும் வருவதாகச் சொல்லியிருந்தார். தனக்குப் பிறகு அவருக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்த பழைய காசுத்தாள் ஒன்று இருந்தது. அந்தத் தாளைச் சாம்பவி பழுதாக்கிவிட்டாள். அது தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாள் வந்த கதை பஃபலோவில் தொடங்குகிறது. கனடாவுக்குள் வருவதற்கு நாள் கிடைக்கும்வரை இராசரத்தினம் எல்லைக்கு அந்தப் பக்கம், பஃபலோவில் அகதிகளுக்கான ஒரு வீட்டில் தங்கியிருந்தார். நல்ல பனிக்காலம். பக்கத்துத் தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்றார்கள். கோட் வாங்கப் போனவர், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் காசுத்தாள் ஒன்று கிடப்பதைக் கண்டார். மூன்று டொலர் என்று அதில் அச்சடித்திருந்தது. பெட்டியில் எழுதியிருந்த விலை ஒரு டொலர். ஒன்றைக் கொடுத்து மூன்றை வாங்குகிற வியாபாரம் அமெரிக்காவில்தான் நடக்கும் என்று நினைத்து, விற்ற கிழவியின் மனம் மாறுவதற்குள் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கோட்டை மறந்துபோனார்.

தாளை அவர் மடிக்கவில்லை. அவருடைய பாதி வாழ்க்கை அப்போது ஒரு ஃபைலுக்குள் இருந்தது. மடித்த கடதாசியைக் கண்டால் ஒப்பிசர் ஏதும் சொல்லுவான் என்ற பயத்தில் அந்த ஃபைலை மடியில் நேராக வைத்தபடியே எல்லைப் பாலத்தைக் கடந்தார். மூன்று டொலரும் அதற்குள் நேராகப் படுத்துக் கிடந்தது.

ஸ்காபரோவில் ஒரு வங்கிக்குப் போய், மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். கவுண்டரில் நின்ற பெண் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக மனேஜரைக் கூப்பிட்டார்கள். மனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வங்கி உங்கள் பூட்டன் பிறக்க முதலே மூடியாயிற்று, சேர் என்றார். மொழிபெயர்க்கக் கூடப் போயிருந்தவர் பொன்னம்பலம். அவர் வாயில் விழுந்த கதை ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

வெட்கப்பட்டு அந்தத் தாளை எறிந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இராசரத்தினத்துக்கோ வெட்கத்தைவிட விடுப்பு, எதையும் துருவிக் கேட்கிற ஆசை, அதிகம். மூடின வங்கி எப்படிக் காசு அடித்தது என்று லைப்ரரியில் போய்க் கேட்டார். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வங்கி, வங்கிக்கு வங்கி சொந்தத் தாள். மூன்று டொலரும் உண்டு, ஆறு டொலரும் உண்டு. வங்கித் தலைவரும் காசாளரும் பேனையால் கையெழுத்துப் போட்டால்தான் அது காசு. வங்கி முழுகினால் அன்றிலிருந்து வெறும் கடதாசி. அப்படி முழுகின வங்கிகளின் தாள்களைச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவரும் சேர்ந்துகொண்டார்.

விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை அவருக்கு. ஓவர்டைம் காசில் வருசத்துக்கு ஒன்று, நல்ல வருசமென்றால் இரண்டு தாள் வாங்குவார். மனைவி பாலேஸ்வரி அந்த அல்பத்தைச் செத்தவீடு என்றுதான் சொல்லுவாள்.

"உந்தச் செத்தவீட்டை மேசையால எடுங்கோ. சோறு போடப்போறன்."

"அதுக்குள்ள இருக்கிறவைக்குப் பசிக்காது. நீ போடு."

கிளிபோட் போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கி. வீட்டிலும் தமிழ்தான் பேசி வளர்ந்தவர். ரொறன்ரோவில் பஸ் திருத்துகிற வேலை செய்து பென்சன் எடுத்தவர். ஒரு நாணயச் சந்தையில் இரண்டு பேரும் ஒரே தட்டுக்குக் கை நீட்டிச் சிநேகிதமானார்கள். கிளிபோட்டிடமும் அதே வங்கியின் மூன்று டொலர் ஒன்று இருந்தது. ஆனால் கந்தல். நடுவில் ஓட்டை, ஒரு மூலை இல்லை, யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டிய டேப் மஞ்சளாகிக் கிடந்தது. அந்தத் தாளில் பிழைத்தவை மிகச் சில என்று சேர்ப்பவர்கள் சொல்லுவார்கள். அதனால் கந்தலும் கந்தலென்று எறிகிற கந்தலில்லை.

ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு டோனட் கடை அவர்களுடைய மன்றம். முதலில் கோப்பி குடித்து முடிப்பார்கள். கோப்பையை அடுத்த மேசைக்கு அனுப்பி, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் தாள் வெளியே வரும். தாளுக்கு உரியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி ஓட்டை தெரியும், அந்தக் காலத்தில் தாள்களைக் கட்டாகக் குத்தி வைத்தார்கள். கண் மட்டத்தில் படுக்க வைத்தால் மடிப்பு தெரியும். காசாளரின் மை புளித்துக் கடதாசியை அரித்திருக்கும். குற்றத்துக்குக் குற்றம் தரம் இறங்கும். "குட்" என்ற தரம் அவர்களுடைய பாஷையில் நல்லதல்ல, கிட்டத்தட்டக் கந்தல்.

"வெரி ஃபைன் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனீர் போல," என்பார் இராசரத்தினம். "இந்த மூலையைப் பாரும். எலி வெரி ஃபைனா சாப்பிட்டிருக்கு."

"அது எலி இல்ல. வெட்டினவன்ட கை நடுக்கம்."

"எலிக்கும் வக்கீலோ?"

"மறுகா ஒங்கட தாளைக் கொண்டாங்க, பாப்பம்," என்பார் கிளிபோட். மட்டக்களப்பில் மறுகா என்றால் பிறகு; அவர் எல்லாவற்றையும் அந்த மறுகாவில்தான் தொடங்குவார். இராசரத்தினம் அவருக்கு வைத்த பட்டமும் மறுகாதான்.

மூன்று டொலர் மேசைக்கு வருகிற நாளில் மட்டும் கிளிபோட் அடங்கிவிடுவார். நான்கு ஓரமும் அகலமாக, மடிப்பு ஒன்றும் இல்லாமல், இரண்டு கையெழுத்தோடும் அது கிடக்கும். "குற்றமில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "இன்னும் கொஞ்ச நேரம் தாங்க" என்றுதான் சொல்லுவார். ஒருநாள் இராசரத்தினம், "எனக்குப் பிறகு உமக்குத்தான், மறுகா. அவசரப்படாதையும்" என்றார். அப்போது அங்கே நின்ற சாம்பவி சிரித்தாள்.

சாம்பவிக்கு மார்க்கம் நகரத்தில் வேலை. உணவுப் பொதிகளுக்கு வருகிற பிளாஸ்டிக் படலத்தைச் சோதிக்கிற ஆய்வுகூடம். எந்தச் சூட்டில் ஒட்டும், எவ்வளவு இழுத்தால் பிரியும் என்று பார்ப்பாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அவள் சொல்லுகிற முதல் பாடம், துண்டு ஒன்றை வைத்துப் பார்க்காமல் எந்தச் சாமானையும் மெஷினுக்குள் விடாதே என்பது.

போன மாரியில் அப்பாவுடைய நெஞ்சு கடதாசி மாதிரிக் காய்ந்து சுருங்கத் தொடங்கியது. பெரிய பெயர் ஒன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் மாஸ்க்கோடு படுத்திருந்தவர் ஒருநாள் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, அந்த மூண்டு டொலரை ஒருக்காக் கொண்டு வாறியே? கையில வைச்சிருக்கோணும்."

"இஞ்சையோ? தண்ணி, சூப், மருந்து. ஏதும் பட்டால்?"

"கவனமா வைச்சிருப்பன்."

அவர் கை நடுங்குவதை அவள் பார்த்தாள். மாஸ்க்குக்குள் நீராவி படிந்து சொட்டுவதைப் பார்த்தாள். அடுத்த நாள் தாளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், மதிய இடைவேளையில் லமினேட் பண்ணினாள்.

அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. துலையக்கூடாததை லமினேட் பண்ணுவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். ஊரில் வீடு எரிந்தபோது காணி உறுதிப் பத்திரம் சாம்பலானது, லமினேட் பண்ணியிருந்த அப்பாவின் பிறப்பு அத்தாட்சி மட்டும் ஓரம் உருகித் தப்பியது என்று அம்மா சொல்லுவாள். கனடாவுக்கு வந்த முதல் வருசமே அப்பா வீட்டிலிருந்த கடதாசி எல்லாவற்றையும் பிளாசாவில் கொடுத்து லமினேட் பண்ணினார். சாம்பவியின் பிறப்பு அத்தாட்சி, அம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாண அழைப்பிதழ்கூட. அதே அப்பா அல்பத்துத் தாள் ஒன்றையும் லமினேட் பண்ணவில்லை. ஏன் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. துண்டு வைத்துப் பார்க்கவும் இல்லை. உருளைகளுக்கு நடுவிலிருந்து தாள் பளபளவென்று வெளியே வந்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். நகத்தால் ஓரத்தைத் தடவினார்.

"சூட்டில போட்டனியோ?"

"ஓம் அப்பா. இனி ஒண்டும் ஆகாது."

"ஓம்," என்றார். "இனி ஒண்டும் ஆகாது."

அதை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் போகிற நேரமெல்லாம் அது நெஞ்சில்தான் இருந்தது. இடக்கை அதன் மேல் இருக்கும். வலக்கை போர்வைக்குள். குளிராக்கும் என்று அவள் கம்பளிக் கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டு போனாள்.

"வலக்கை சூடாத்தான் இருக்கு. இடக்கைக்கு மட்டும் போட்டுவிடு," என்றார்.

"சோடியாப் போட்டால் என்ன அப்பா?"

"மற்றதை இஞ்சை வை. பிறகு போடுறன்."

அவள் மற்றதைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து இறுக்கிவிட்டாள். அந்தக் கிழமை முடிய முன்னம் அவர் போய்விட்டார்.

கிளிபோட் சனிக்கிழமை வருகிறேன் என்று போன் எடுத்த பிறகுதான் அவள் கணினியில் தேடிப் பார்த்தாள். தேடியதும் கிடைத்தது. சூட்டில் பசை உருகிக் கடதாசி நாருக்குள் இறங்கிவிடும். லமினேட் பண்ணிய தாளுக்குத் தரம் இல்லை. குறைந்த தரம்கூட இல்லை. தரம் போடுகிற நிறுவனங்கள் அதைக் கையில் எடுக்கவே மாட்டா. எந்தச் சூட்டில் பசை உருகும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கு இதைத் தேடி வாசிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, தன்னோடு விட்பிக்குக் கொண்டுபோயிருந்த அல்பத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கையெழுத்து விழ முன்னம் வங்கி முழுகினதால் கட்டாக மிஞ்சிய வகை. எங்கேயும் கிடைக்கும். அதை லமினேட் பண்ணினாள். பிறகு சூடு காட்டி, மெஷினில் பிடித்து, மெதுவாக இழுத்தாள். படலம் பிரிந்தது. தாளில் கதிர்க்கட்டோடு நின்ற பெண்ணின் முகமும் படலத்தோடு பிரிந்தது. பிளாஸ்டிக்கில் அந்த முகம் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை துண்டு வைத்துப் பார்த்துவிட்டாள். அப்பா சேர்த்ததில் இரண்டாவது தாளும் போனது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பொய் தயார் பண்ணினாள்.

சனிக்கிழமை கிளிபோட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தாள். அவர் அப்பாவின் கதிரையில் இருக்கவில்லை, எதிரே இருந்தார். பனி, பஸ், முழங்கால் என்று கொஞ்ச நேரம் போனது. அம்மா குசினிக்குள் போனதும் சாம்பவி சொன்னாள்.

"அங்கிள், அந்த மூண்டு டொலர். உங்களுக்கெண்டு அப்பா சொன்னது. அது ஆஸ்பத்திரியில துலைஞ்சு போச்சு."

கிளிபோட் ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"எது துலைஞ்சது மகள்? பிளாஸ்டிக்கா, என்ட கந்தலா?"

கிளிபோட் கோபப்படவில்லை. பஸ்ஸில் என்ன பிழை என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க வேலைக்குப் போற நேரம் நான் ஆஸ்பத்திரியில போய் இரிக்கிறனான். நீங்க அதைக் கொண்டு வந்த அடுத்த நாளும் போனன். எடுத்துக் காட்டினாரு. என்ன தரம் மறுகா எண்டு கேட்டாரு. நான் என்ன சொல்ல? தரமில்ல எண்டன்."

"அப்பா?"

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதயும் எண்டாரு. மறுகா என்ட கந்தலைக் கொண்டு வரச் சொன்னாரு. கடதாசியைத் தொடணுமாம். கொண்டு போய்க் குடுத்தன். நீங்க வாற நேரம் அதைப் போர்வைக்குள்ள வச்சிருவாரு."

சாம்பவிக்கு அப்பா சொன்னவை நினைவுக்கு வந்தன. வலக்கை சூடாத்தான் இருக்கு. மற்றதை இஞ்சை வை. அவளே அந்தப் போர்வையை இழுத்து இறுக்கியிருந்தாள். நான் வருகிறபோது ஒளித்து வைக்கிற அளவுக்கு அப்பாவுக்கு என்னிடம் பயமா, என்மேல் பரிதாபமா? இரண்டில் எது பெரிய பிழை என்று அவளுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.

"அழுதவரோ அங்கிள்?"

"தெரியா மகள். மாஸ்க் போட்டிருந்தாரு. கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு ஒரே புகார்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தாளில் இல்லாததை இருக்கு என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். அவள் கொஞ்ச நேரம் முன்புதான் ஒரு பொய் சொன்னவள்.

"பொய் சொன்னனான் அங்கிள். பிளாஸ்டிக் துலையேல்ல. என்னட்டத்தான் இருக்கு."

"அது எனக்குத் தெரியும். நான் அதுக்கு வரல்ல. என்ட கந்தல் எங்க எண்டு கேக்கத்தான் வந்தன். அதுவும் போனா எனக்கு ஒண்டும் இல்ல."

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கட்டித் தந்த பை அலுமாரியில் அப்படியே இருந்தது. அம்மா தொடவில்லை, சாம்பவியும் தொடவில்லை. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அப்பா உடுத்திருந்த சாரம். கண்ணாடிக் கூடு. பாதி முடிந்த லோசன். கம்பளிக் கையுறை ஒன்று, வலக்கைக்குரியது. விலைச்சீட்டின் நூல்கூட அறுக்காமல் இருந்தது. உள்ளே விரல் விட்டாள். கடதாசி தட்டுப்பட்டது.

கிளிபோட் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். குசினிப் பைப்பில் கையைக் கழுவி, சேட்டில் துடைக்காமல் துவாயில் துடைத்துக்கொண்டு வந்தார். தாளைக் கையுறைக்குள்ளிருந்து அவரே எடுத்தார். ஜன்னலுக்குப் பிடித்தார். கண் மட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"எனக்கு வாய் திறக்க ஏலாது. என்ட தாள்," என்றார். "குற்றம் சொல்ல ஒங்கட அப்பா இல்ல. நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது அங்கிள்."

"பாத்துச் சொல்லுங்க. பாக்கிறதுதானே ஒங்கட வேல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினாள். பழைய காசுத்தாள் ஒன்றை வெறுங்கையால் இப்படி நேரம் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. மிருதுவாக, துணி மாதிரி இருந்தது. அப்பாவின் தாளை லமினேட் பண்ணிய அன்று ஓரத்தில் பிடித்து நேரே மெஷினுக்குள் விட்டிருந்தாள்.

"நடுவில ஓட்டை. ஒரு மூலை இல்லை. டேப் கறை."

"அதெல்லாம் பழசு. புதுசு என்ன?"

தாள் படுக்கவில்லை. மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் மெல்ல எழும்பியது. மடிப்பில்லை, ஒரு வளைவு. ஈரத்தில் ஊறி, ஒரு பிடிக்குள் இருந்து காய்ந்த வளைவு. அதற்குள் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவள் கைக்கு அது பெரிதாக இருந்தது.

"வளைஞ்சிருக்கு," என்றாள். "கையில வைச்சிருந்ததால."

"எவ்வளவு இறக்கலாம்?"

அவள் நெடுநேரம் பார்த்தாள். இறக்காமல் விட ஆசையாக இருந்தது. இறக்காவிட்டால் அதுவும் இன்னொரு பொய்.

"ஒரு படி," என்றாள்.

கிளிபோட் தலையை ஆட்டினார். தாளைத் தன் பிளாஸ்டிக் உறைக்குள், ஒட்டாத வகை, திறந்து மூடுகிற வகை, நுழைத்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்தத் தாளை என்னிடம் விட்டுப்போங்கோ என்று கேட்க அவளுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்கிற உரிமையை அவள் மெஷினுக்குள் விட்டிருந்தாள்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் சொன்னார்: "அல்பத்தை விக்கிறெண்டா எனக்குச் சொல்லுங்க. ஒவ்வொண்டாப் பாத்துத் தரம் சொல்லுறன். மறுகா..." என்று நிறுத்தினார். மறுகாவுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போய்விட்டார்.

அம்மா குசினியிலிருந்து ஒரு தபால் உறையோடு வந்தாள்.

"மரணச் சான்றிதழ் வந்திருக்குப் பிள்ளை. ஒரிஜினல். திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோய் லமினேட் பண்ணிக்கொண்டு வா. ஃபைலில அப்பான்ர பிறப்பு அத்தாட்சிக்குப் பக்கத்தில வைக்கோணும்."

சாம்பவி அதை வாங்கினாள். மேசையில் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் தடவிவிட்டாள்.

"வேண்டாம் அம்மா. உப்பிடியே இருக்கட்டும்."

"தேத்தண்ணி கீத்தண்ணி பட்டால்?"

"படட்டும்."

அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு போய், ஜன்னல் விளிம்பிலிருந்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு, மேசையை விட்டு விலகிச் சுற்றிக் குசினிக்குள் போனாள்.